முனையத் திரையிலிருந்து உலாவிக்கு: நூற்பட்டியல்களின் இடப்பெயர்வும் தமிழ்ப் பதிவுகளும்

முன்னுரை

கணிப்பொறியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் புதிய கருவி பழைய கருவியை அகற்றிய வரலாறாகவே அதனை எழுதுகின்றனர். வங்கி, காப்பீடு, அரசு அலுவலகம், நூலகம் ஆகியவற்றின் நடைமுறை வரலாறு இதனின்றும் வேறுபட்டது. அங்கே பெருங்கணினியில் இயங்கிய நிரல்களும் அவை காத்துவந்த தரவுகளும் பல பத்தாண்டுகள் நிலைத்தன. பயனர் அவற்றைக் காணும் வாயில் மட்டும் மாறியது. தொடக்கத்தில் கணினியோடு கம்பியால் பிணைக்கப்பட்ட முனையம் அவ்வாயிலாக இருந்தது. பின்னர் மேசைக் கணினியில் இயங்கிய போலி முனையம். அதன் பின்னர் இணைய உலாவி.

இம்மாற்றம் நூலகத்தைப் பயன்படுத்தும் ஆய்வாளரை நேரடியாகத் தொடுகிறது. தமிழ்நாட்டிற்கும் இலங்கைக்கும் வெளியே உள்ள ஆய்வு நூலகங்களில் தமிழ் நூலொன்றைத் தேடுபவர் இன்று உலாவியில் தேடுகிறார். ஆயினும் அவருக்குக் கிடைக்கும் பதிவு பல வேளைகளில் முனையத் திரையின் காலத்தில், அத்திரையின் எல்லைகளுக்குள் உருவானதாகும். முனையத் திரைகள் உலாவிக்குள் கொண்டுவரப்பட்ட முறைகளை இக்கட்டுரை வரலாற்று வரிசையில் விளக்குகிறது. அம்முறைகள் நூற்பட்டியல்களில் செயற்பட்ட விதத்தையும், தமிழ்ப் பதிவுகளில் அவை விட்டுச்சென்ற விளைவையும் ஆராய்கிறது. திரையை மாற்றுவதும் பதிவை மாற்றுவதும் இருவேறு பணிகள் என்பதும், முதற்பணி பெரும்பாலும் முடிந்திருக்க இரண்டாம் பணி தமிழைப் பொறுத்தவரை முடிவுறாதிருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

1. இருபத்துநான்கு வரியும் எண்பது நிரலும்

ஐபிஎம் நிறுவனம் 1971ஆம் ஆண்டில் 3270 என்னும் முனையத் தொகுதியை அறிவித்தது. அதன் 3277 காட்சி முனையத்தின் பெரிய வடிவம் 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்திடங்களும் கொண்டது. மொத்தம் 1920 எழுத்திடங்கள். எண்பது என்னும் எண் திரைக்கு உரியதாகத் தோன்றியதன்று. 1928ஆம் ஆண்டு முதல் ஐபிஎம் வழங்கிய துளையட்டை எண்பது நிரல்களைக் கொண்டிருந்தது. அட்டையின் அகலமே திரையின் அகலத்திலும் தொடர்ந்தது.

3270 முனையம் இயங்கிய முறை தனித்தன்மை உடையது. பயனர் அழுத்தும் ஒவ்வொரு விசையும் கணினிக்குச் செல்வதில்லை. கணினி ஒரு முழுத் திரையை அனுப்பும். அத்திரை புலங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு புலத்தின் முன்னும் ஓர் எழுத்திடத்தை அடைத்துக்கொண்டு அப்புலத்தின் பண்பைக் குறிக்கும் குறி நிற்கும். எழுத இயலாத புலம், எழுதத்தக்க புலம், எண் மட்டும் ஏற்கும் புலம், கடவுச்சொல்லைப் போல் கண்ணுக்குப் புலப்படாத புலம் என்பன அப்பண்புகள். பயனர் படிவத்தை நிரப்புவது போல் திரையை நிரப்பி அனுப்பு விசையை அழுத்துவார். அப்போது எந்த விசை அழுத்தப்பட்டது, சுட்டி எங்கே நின்றது, எந்தப் புலங்கள் மாற்றப்பட்டன என்பவை மட்டும் கணினியைச் சென்றடையும். ஒரே பெருங்கணினியை நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே பயன்படுத்தியமைக்கு இச்சிக்கனம் ஒரு காரணமாகும்.

இதற்கு மாறான மரபொன்றும் இருந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100 போன்ற முனையங்கள் ஒவ்வோர் எழுத்தையும் அழுத்திய உடனே கணினிக்கு அனுப்பின; சுட்டியை நகர்த்தவும் திரையைத் துடைக்கவும் தனிக் கட்டளைத் தொடர்களைப் பெற்றன. பல்கலைக்கழகங்களிலும் நூலகங்களிலும் இவ்வகை முனையங்கள் பரவலாயின. இரு மரபுகளுக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு: திரை என்பது ஒரே அளவுள்ள கட்டங்களின் தொகுதி, ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து, அவ்வெழுத்து முனையத்தில் முன்னரே பொறிக்கப்பட்ட தொகுதியிலிருந்து வரவேண்டும். ஐபிஎம் தன் எப்சிடிக் குறிமுறையையும், மற்றையோர் ஆஸ்கி குறிமுறையையும் பின்பற்றினர். இரண்டும் ரோமன் எழுத்தை மையமாகக் கொண்டவை. 'கொ' போல மெய்யின் முன்னும் பின்னும் குறி பெறுவதும், 'கு', 'டி' போல வடிவம் மாறுவதும், எழுத்துக்கு எழுத்து அகலம் வேறுபடுவதுமாகிய தமிழ் எழுத்துமுறைக்கு இக்கட்டத்தில் இடமில்லை.

2. முனையம் நிரலாக மாறுதல்

ஐபிஎம் தனியாள் கணினி 1981இல் வெளிவந்தபின், மேசையில் ஒரு கணினியும் அதன் அருகே ஒரு முனையமும் இருப்பது வீண்செலவாகத் தோன்றியது. தனியாள் கணினியில் விரிவாக்க அட்டையைச் செருகி, பெருங்கணினியின் கம்பியை அதில் இணைத்து, ஒரு நிரலின் துணையால் அக்கணினியையே முனையமாக நடிக்கச் செய்யும் வழக்கம் 1980களில் பரவியது. இவ்வகை நிரலை 'எமுலேட்டர்' என்றும் தமிழில் போலி முனையம் என்றும் வழங்கலாம்.

முனையம் நிரலாக மாறியவுடன் அதுவரை இயலாத ஒன்று இயல்வதாயிற்று: திரையில் உள்ளதை மனிதர் மட்டுமன்றி வேறொரு நிரலும் படிக்கலாம். ஐந்தாம் வரியில் பன்னிரண்டாம் நிரலிலிருந்து முப்பது எழுத்துகளை எடு. அதுவே பெயர் என்று ஒரு நிரலுக்குக் கட்டளையிட இயன்றது. இதற்கென ஐபிஎம் ஓர் இடைமுகத்தையும் வகுத்தது. துறையினர் 'ஸ்கிரீன் ஸ்கிரேப்பிங்' எனக் குறிப்பிடும் இம்முறையைத் திரைவழித் தரவெடுப்பு எனலாம். பின்னாளில் உலாவிக்கு மாறிய முயற்சிகள் பலவற்றிற்கு இதுவே அடித்தளம்.

கம்பியின் இடத்தை இணையம் பிடித்தது அடுத்த படி. தொலைவிலுள்ள கணினியோடு முனையமாக இணையும் டெல்நெட் நெறிமுறை 1983இல் நிலைபெற்றது. 3270 திரைகளை அந்நெறிமுறை வழியே செலுத்தும் முறையை 1988 சனவரியில் வெளியான ஆர்எப்சி 1041 வரையறுத்தது. ஐபிஎம்மின் இடைநிலைக் கணினிகளுக்குரிய 5250 முனையங்களுக்கு 1991இல் ஆர்எப்சி 1205 வந்தது. 3270க்கான விரிந்த வடிவம் 1998இல் ஆர்எப்சி 2355 ஆக நிலைபெற்றது. உலாவி தோன்றும் முன்னரே முனையத் திரை கடல் கடந்து செல்லத் தொடங்கிவிட்டது என்பது இவ்வாண்டுகளால் விளங்கும்.

3. வலையின் தொடக்கமும் பெருங்கணினியும்

உலகளாவிய வலை பழைய கணினிகளை ஒதுக்கிவிட்டு எழுந்தது என்னும் எண்ணம் பரவலாக உண்டு. அதன் முதல் இரு பயன்பாடுகள் இவ்வெண்ணத்தை மறுக்கின்றன. ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையை உருவாக்கியபோது, அங்குள்ளோர் அதனை அன்றாடம் பயன்படுத்தத் தூண்டியது ஆய்வகத்தின் தொலைபேசி விவரத் தொகுப்பு. அது பெருங்கணினியில் இருந்தது. ஓர் எண்ணை அறிய விரும்பியவர் அக்கணினியில் நுழைந்து, அதன் கட்டளைகளைக் கையாண்டு, பின் வெளியேற வேண்டியிருந்தது. அத்தொகுப்பைப் பெருங்கணினியிலேயே வைத்துக்கொண்டு, வலை வழியே கேட்டால் விடை தரும் வழங்கியை அங்கே நிறுவினர். எவ்வகை முனையத்திலும் இயங்கத்தக்க வரிமுறை உலாவி ஒன்றை நிக்கோலா பெல்லோ எழுதியிருந்தமையால், வரைபடத் திரையற்றோரும் அதனைப் பயன்படுத்த இயன்றது.

இரண்டாவது சான்று அமெரிக்காவைச் சேர்ந்தது. ஸ்டான்போர்ட் நேர்முடுக்கி மையத்தின் இயற்பியலாளர் பால் குன்ஸ் 1991 செப்டம்பரில் செர்னுக்குச் சென்றபோது வலையைக் கண்டார். தம் மையத்தின் நூலகம் பேணிவந்த ஸ்பைர்ஸ் என்னும் தரவுத்தொகுதி அவர் நினைவிற்கு வந்தது. துகள் இயற்பியல் முன்வெளியீடுகளின் பட்டியலான அது ஐபிஎம் பெருங்கணினியில் இருந்தது. வெளியிடத்தார் மின்னஞ்சல் வழியாகவும் கேட்டுப் பெற்றுவந்தனர். நூலகர் லூயிஸ் ஆடிஸ் இதன் பயனை உடனே உணர்ந்து ஊக்கினார். 1991 டிசம்பர் 12 அன்று அம்மையத்தின் வழங்கி செயற்படத் தொடங்கியது. ஐரோப்பாவிற்கு வெளியே அமைந்த முதல் வலை வழங்கி அதுவே. அந்த வழங்கியும் பெருங்கணினியில்தான் இயங்கியது. அதன் நோக்கமும் ஒரு நூற்பட்டியலைத் திறந்துவிடுவதே.

இவ்விரு முயற்சிகளிலும் கருதத்தக்க பொதுக்கூறு ஒன்றுண்டு. அவை திரையைப் பெயர்க்கவில்லை. திரைக்குப் பின்னிருந்த தரவை நேரடியாக அணுகின. அவ்வாறு செய்ய இயன்றமைக்குக் காரணம், அத்தரவைப் பேணியோரே மாற்றத்தையும் முன்னெடுத்தனர் என்பதாகும். பின்வந்த நிறுவனங்கள் பலவற்றிற்கு இவ்வாய்ப்பு அமையவில்லை.

4. உலாவிக்குள் நுழைந்த மூன்று வழிகள்

1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 வரையறை நிரப்பி அனுப்பத்தக்க படிவங்களை உட்கொண்டிருந்தது. உலாவிப் படிவத்திற்கும் 3270 திரைக்கும் நெருங்கிய ஒப்புமை உண்டு. இரண்டிலும் வழங்கி முழுப் பக்கத்தை அனுப்புகிறது. பயனர் புலங்களை நிரப்புகிறார். ஒரே அழுத்தத்தில் அனைத்தும் திரும்பிச் செல்கின்றன. ஒப்புமை இத்துணை நெருங்கியிருந்தும் வேற்றுமை ஒன்று இடர் விளைத்தது. முனையம் நுழைவு முதல் வெளியேற்றம் வரை கணினியோடு ஒரே தொடர்பில் நிற்கும். எந்தத் திரையில் பயனர் உள்ளார் என்பதைக் கணினி அறியும். வலையோ ஒவ்வொரு வேண்டுகோளையும் புதியதாகவே கொள்ளும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி வகுத்த 'குக்கி' இவ்விடைவெளியை நிரப்பப் பெரிதும் உதவியது. ஆயினும் உலாவியின் பின்செல் பொத்தானை அழுத்தியவர் முந்தைய திரையைக் காண்பார்; பெருங்கணினியோ அடுத்த திரையிலேயே நிற்கும். இம்முரணைத் தீர்க்க இடைநிலை வழங்கிகள் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு போலி முனையத்தைத் தம்மிடம் திறந்துவைத்திருக்க வேண்டியதாயிற்று.

இடைநிலைத் தீர்வுகள் மூவகைப்பட்டன. முதலாவது, திரையை உள்ளவாறே உலாவிக்குள் காட்டுவது. ஜாவா மொழியின் ஆப்லெட் என்னும் சிறுநிரல் வடிவில் போலி முனையம் உலாவிக்குள் இறங்கி இயங்கியது. ஒவ்வொரு மேசைக்கும் சென்று நிரல் நிறுவும் தேவை நீங்கியது. பழகிய ஊழியரின் விரல்கள் பழகிய விசைகளிலேயே இயங்கின. எனினும் 3270 முனையத்தின் 24 செயல்விசைகளுக்கு மேசைக் கணினியின் பன்னிரண்டு விசைகளே இருந்தன. அவற்றிலும் சிலவற்றை உலாவி தனக்கென வைத்திருந்தது. அடுத்த பதிவிற்கோ முந்தைய திரைக்கோ செல்ல அழுத்திய விசை பக்கத்தைப் புதுப்பித்துத் தொடர்பை அறுத்துவிடுவதும் உண்டு. ஆப்லெட்டின் காலமும் நீடிக்கவில்லை. குரோம் 2015இலும் பயர்பாக்ஸ் 2017இலும் அதற்குரிய செருகுநிரல் ஆதரவை விலக்கின. 2011இல் ஆர்எப்சி 6455 ஆக வரையறுக்கப்பட்ட வெப்சாக்கெட், உலாவிக்கும் வழங்கிக்கும் இடையே அறாத தொடர்பை அளித்தமையால், செருகுநிரலின்றியே முனையத்தை உலாவிக்குள் வரைவது இயன்றது.

இரண்டாவது, திரையைப் படித்துப் படிவமாக மாற்றுவது. இடைநிலை வழங்கி பெருங்கணினியின் திரையைப் பெற்று, எழுதத்தக்க புலங்களை உள்ளீட்டுப் பெட்டிகளாகவும், செயல்விசைக் குறிப்புகளைப் பொத்தான்களாகவும், எண்ணிட்ட தெரிவுகளை இணைப்புகளாகவும் மாற்றித் தந்தது. பெருங்கணினியின் நிரலில் ஓர் எழுத்தையும் தொட வேண்டியதில்லை என்பது இதன் சிறப்பு. அந்நிரலை எழுதியவர் ஓய்வுபெற்றும் மூல ஆவணம் மறைந்தும் போன இடங்களில் இதுவே இயலும் வழியாக இருந்தது. இதன் குறை, இடத்தைக் கொண்டே பொருளை அறிவதாகும். திரையில் ஒரு புலம் இரு நிரல் வலப்புறம் நகர்ந்தால் பெயரின் முதலிரண்டு எழுத்துகள் வேறொரு புலத்தில் விழும்.

மூன்றாவது, திரையைத் தவிர்த்துத் தரவோடு நேரடியாகப் பேசுவது. இதற்கு நிரலின் உள்ளமைப்பை அறிந்தோரும், காட்சிப்பகுதியையும் செயற்பகுதியையும் பிரிக்கும் உழைப்பும் தேவை. செலவு மிகுதி, பயன் நிலையானது. முதலிரு வழிகளில் திரையின் எல்லைகள் அனைத்தும் உலாவிக்குள் உடன்வந்தன. எண்பது எழுத்திற்கு மிகாதபடி வெட்டப்பட்ட தலைப்பு அகன்ற உலாவியிலும் வெட்டப்பட்டே நின்றது. மூன்றாம் வழியில் மட்டும் அவ்வெல்லை நீங்கியது. அதுவும் தரவே அவ்வெல்லைக்குள் அடங்கி எழுதப்படாதிருந்தால் மட்டுமே.

5. நூலகத் திரைகள்

நூலகங்கள் இவ்வரலாற்றில் முற்பட்டே நின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்றியெட் ஆவ்ரம் தலைமையில் மார்க் என்னும் கணினிவழிப் பதிவு வடிவம் 1966இல் சோதனையாகத் தொடங்கி 1969 முதல் நாடாக்களில் வழங்கப்பட்டது. கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியதும் 1966ஆம் ஆண்டிலேயே என்பது நினைவுகொள்ளத்தக்கது. ஓகையோ மாநிலத்தில் பிரெடரிக் கில்கோர் உருவாக்கிய ஓசிஎல்சி அமைப்பின் கூட்டுப்பட்டியல் 1971 ஆகஸ்டு 26 அன்று செயற்படத் தொடங்கியது. 3270 முனையம் அறிவிக்கப்பட்ட ஆண்டும் அதுவே. ஒரு நூலகம் உருவாக்கிய பதிவை ஏனைய நூலகங்கள் முனையம் வழியே பெற்றுத் தமதாக்கிக்கொண்டன. நாடாளுமன்ற நூலகம் 1980ஆம் ஆண்டின் இறுதியோடு தன் அட்டைப்பட்டியலில் புதிய அட்டை சேர்ப்பதை நிறுத்தியது.

1990களின் தொடக்கத்தில் பல பல்கலைக்கழகங்களின் பட்டியல்கள் டெல்நெட் வழியே திறந்துவிடப்பட்டன. ஒவ்வொன்றும் தனக்கெனக் கட்டளைகளைக் கொண்டிருந்தது. ஓரிடத்தில் ஆசிரியர் பெயருக்கு ஓரெழுத்துக் கட்டளை. இன்னோரிடத்தில் எண்ணிட்ட பட்டி. எந்த முகவரியில் இணைவது, என்ன பெயரிட்டு நுழைவது, எவ்வாறு வெளியேறுவது என்பவற்றைத் தொகுத்துக் கூற, கனடாவின் சஸ்காட்சுவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஸ்காட் 1990இல் ஹைட்டெல்நெட் என்னும் வழிகாட்டியை உருவாக்கினார். வெளியேறும் முறையைத் தனியே கூற வேண்டியிருந்தமை அக்காலத் திரைகளின் இயல்பை உணர்த்தும். நாடாளுமன்ற நூலகத்தின் லோசிஸ் அமைப்பும் 1993இல் இவ்வாறு இணையத்தில் திறக்கப்பட்டது.

நூலகங்கள் ஏனைய துறைகளைக் காட்டிலும் எளிதாக வலைக்கு மாறின. அதற்குக் காரணம் மார்க். பதிவின் புலங்கள் திரையின் இடத்தால் அன்றிக் குறியெண்ணால் அறியப்பட்டன. 245 எனக் குறிக்கப்பட்டது எங்கே காட்டப்பட்டாலும் தலைப்பே. இதன்மேல் இசட்39.50 என்னும் தேடல் நெறிமுறை 1988இல் அமெரிக்கத் தரமாகவும் 1998இல் ஐஎஸ்ஓ 23950 ஆகவும் அமைந்தது. வலைவாயில்கள் இந்நெறிமுறை வழியே பட்டியலைக் கேட்டு விடையைப் பக்கமாக வரைந்தன. மேற்கூறிய மூன்றாம் வழி நூலகங்களில் இயன்றமை இவ்வாறே. எனவே நூற்பட்டியலில் இடப்பெயர்வு முழுமையாக நிகழ்ந்தது என்றே எவரும் கருதுவர். ஆங்கில நூல்களைப் பொறுத்தவரை அக்கருத்து பெரும்பாலும் பொருந்தும். தமிழ் நூல்களின் நிலை வேறு.

6. தமிழ்ப் பதிவுகளில் திரையின் தடம்

பொதுச்சட்டம் 480 திட்டத்தின் கீழ் நாடாளுமன்ற நூலகம் 1962இல் புதுதில்லியில் அலுவலகம் அமைத்து இந்திய மொழி நூல்களைத் திரட்டியது. அத்திட்டத்தில் பங்குபெற்ற அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்குத் தமிழ் நூல்கள் தொடர்ந்து சென்றன. அவற்றைப் பட்டியலிடுவோர் அட்டையில் எழுதிய காலத்தில் எழுத்தைப் பற்றிய தடை ஏதுமில்லை. கையால் எழுதக்கூடியதும் அச்சிடக்கூடியதும் அட்டையில் இடம்பெறலாம். கணினிப் பதிவிற்கோ எழுத்துத்தொகுதி தேவைப்பட்டது. நூலகங்களுக்கென வகுக்கப்பட்ட மார்க்-8 குறிமுறையில் ரோமன் எழுத்தும் அதற்குரிய ஒலிக்குறிகளும் இருந்தன. காலப்போக்கில் சீன, சப்பானிய, கொரிய எழுத்துகளும், எபிரேயம், அரபு, சிரிலிக், கிரேக்கம் ஆகியனவும் சேர்ந்தன. ஆய்வு நூலகக் குழுவின் அமைப்பில் கிழக்காசிய எழுத்துகள் 1983இலும், எபிரேயம் 1988இலும், அரபு 1991இலும் இடம்பெற்றன. தமிழ் அத்தொகுதியில் இடம்பெறவே இல்லை.

இதன் விளைவாகத் தமிழ் நூலின் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் ஆகிய அனைத்தும் எழுத்துப்பெயர்ப்பில் மட்டுமே பதிவாயின. அமெரிக்க நூலகச் சங்கமும் நாடாளுமன்ற நூலகமும் வகுத்த எழுத்துப்பெயர்ப்பு அட்டவணை தமிழ் எழுத்துகளைத் துல்லியமாகவே வேறுபடுத்துகிறது. லகரத்திற்குக் குறியற்ற எழுத்து; ளகரத்திற்குக் கீழ்ப்புள்ளி; ழகரத்திற்குக் கீழ்க்கோடு. நெடிலுக்கு மேற்கோடு. ஆகவே குறிகள் அனைத்தும் இருக்கும்வரை பதிவு மூலத்திற்கு உண்மையாகவே இருந்தது. நூலகங்களுக்கென அமைந்த முனையங்கள் சிலவே இக்குறிகளைக் காட்டின. பொது முனையங்கள் அவற்றை விட்டுவிட்டன. தேடலுக்கான சொல்லடைவும் குறிகளை நீக்கியே அமைந்தது; ஏனெனில் விசைப்பலகையில் பயனர் அவற்றை அடிக்க இயலாது.

குறிகள் நீங்கியவுடன் தமிழ்ச் சொற்கள் ஒன்றில் ஒன்று கலந்தன. கலை, களை, கழை ஆகிய மூன்றும் ஒரே வடிவம் பெற்றன. எரி, ஏரி, எறி, ஏறி ஆகிய நான்கும் ஒன்றாயின. குறில் நெடில் வேறுபாடும், ரகர றகர வேறுபாடும், லகர ளகர ழகர வேறுபாடும் பொருளை வேறுபடுத்தும் மொழியில் இவ்விழப்பு சிறிதன்று. இதனோடு மற்றோர் இடர்ப்பாடும் சேர்ந்தது. அட்டவணை எழுத்தைப் பின்பற்றுகிறது. மக்கள் வழக்கு ஒலியைப் பின்பற்றுகிறது. சிலப்பதிகாரத்தின் முதலெழுத்தை அட்டவணை ரோமன் நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்தால் குறிக்கும். தேடுபவரோ பெரும்பாலும் ஸகர ஒலிக்குரிய எழுத்தையே அடிப்பார். ஆங்கிலச் செய்தித்தாள்களிலும் பெயர்ப்பலகைகளிலும் காணும் எழுத்துக்கூட்டலில் ஒரு நூலைத் தேடியவருக்கு, அந்நூல் அலமாரியில் இருந்தும், இல்லை என்னும் விடையே கிடைத்திருக்கும்.

வலை வந்தபோது இந்நிலை மாறியிருக்கலாம். யூனிகோடின் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே, இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி குறிமுறையை அடியொற்றித் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலியோர் 1990களின் நடுப்பகுதியிலேயே தமிழை வலையில் ஏற்றிக் காட்டினர். உலாவிக்குத் தமிழ் இயலாத ஒன்றாக இல்லை. எனினும் பட்டியல்கள் உலாவிக்கு வந்தபோது, முனையக் காலத்தில் உருவான ரோமன் பதிவுகள் உள்ளவாறே வந்தன. மார்க் வடிவம் மூல எழுத்தை 880 எனக் குறிக்கப்பட்ட இணைப்புலத்தில் ஏற்க இடமளித்திருந்தது. யூனிகோடை ஏற்றபின் தமிழ் எழுத்தும் அப்புலத்தில் இடம்பெறலாம் என்னும் நிலை வந்தது. ஆனால் நாடாளுமன்ற நூலகம் மூல எழுத்தில் பதிவு செய்யும் பணியைத் தொடக்கத்தில் சப்பானியம், அரபு, சீனம், கொரியம், பாரசீகம், எபிரேயம், இத்திஷ் ஆகிய ஏழு மொழிகளுக்கே வரையறுத்திருந்தது. தமிழ் அவ்வரிசையில் இல்லாமையால், அந்நூலகத்தின் பதிவுகளைப் பின்பற்றிய பிற நூலகங்களிலும் தமிழ் எழுத்து இடம்பெறாது போயிற்று.

இங்கே கருதத்தக்கது, இக்குறைக்கு இன்றைய உலாவியோ இன்றைய பட்டியல் மென்பொருளோ காரணமன்று என்பதே. 1970களின் திரையில் இடம்பெற இயலாதது பதிவிலும் இடம்பெறாது விடப்பட்டது. திரை மறைந்தபின்னும் பதிவு அதே வடிவில் நிலைத்தது.

7. மீட்டெடுக்கும் வழி

தமிழின் நிலை முற்றும் நம்பிக்கையற்றதன்று. உயிர்க்குறிகளை எழுதாது விடும் அரபு, எபிரேயம் போன்ற மொழிகளில் எழுத்துப்பெயர்ப்பிலிருந்து மூலத்திற்குத் திரும்புவது கடினம். சீனத்தில் ஒரே ஒலிக்குப் பல எழுத்துகள் உண்டு. தமிழிலோ அட்டவணை ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்தாக அமைந்திருப்பதால், குறிகள் சிதையாத பதிவைக் கணினியே தமிழ் எழுத்திற்குத் திரும்பப் பெயர்க்கலாம். முனையக் காலப் பட்டியலாளர்கள் கீழ்ப்புள்ளியையும் கீழ்க்கோட்டையும் பொறுமையோடு இட்டுவந்தமையே இன்று இம்மீட்பை இயல்விக்கிறது. அவர்களின் உழைப்பிற்குத் தமிழாய்வு கடன்பட்டுள்ளது.

ஆயினும் கணினிப் பெயர்ப்பை மட்டும் நம்புதல் கூடாது. பதிவுகளில் குறி தவறியும் மாறியும் இருக்கும் இடங்கள் உண்டு. அவற்றுள் சிலவற்றை இலக்கணம் கொண்டே திருத்தலாம். னகரம் மொழிக்கு முதலில் வாராது. தகரத்தின் முன் நிற்பது நகரமே. ஆகவே நகர னகர மயக்கத்தின் பெரும்பகுதியை விதிகளால் களைய முடியும். பொருநர், செந்நெல் போன்ற சொற்களே தனிக் கவனம் வேண்டுவன. ரகர றகர மயக்கத்திற்கும் குறில் நெடில் மயக்கத்திற்கும் அத்தகைய விதி போதாது. எரியா எறியா என்பதை நூலின் முகப்புப் பக்கமே கூறவேண்டும். தமிழ்த் தலைப்பில் கலந்துள்ள ஆங்கிலச் சொற்கள், கிரந்த எழுத்துகள், தம் பெயரைத் தாமே ரோமன் எழுத்தில் ஒரு வகையாக எழுதிப் புகழ்பெற்ற ஆசிரியர்களின் பெயர் வடிவங்கள் ஆகியனவும் மனிதர் கண்பட்டே திருந்தவேண்டியன.

இதனைச் செய்யும் தகுதியும் வசதியும் ஓரிடத்தில் குவிந்திருக்கவில்லை. நூல்கள் சிகாகோ போன்ற பல்கலைக்கழக நூலகங்களிலும், சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா ஆகிய இடங்களிலும் பரவிக் கிடக்கின்றன. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காக்கப்பட்டுச் சென்னையிலேயே நிலைபெற்ற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் தொகுப்பு, முகப்புப் பக்கங்களை ஒப்புநோக்க உதவும் இடங்களுள் ஒன்றாகும். ஒரு நூலகம் திருத்திய பதிவை ஏனையவை பெற்றுக்கொள்ளும் கூட்டுப்பட்டியல் முறை 1971 முதல் செயற்பட்டு வருகிறது. அம்முறையில் முன்பு தமிழ் எழுத்தற்ற பதிவு பரவியது போலவே, தமிழ் எழுத்துள்ள பதிவும் பரவ இயலும்.

முடிவுரை

முனையத் திரைகளை உலாவிக்குள் கொண்டுவந்த வரலாற்றில் மூன்று வழிகள் காணப்படுகின்றன: திரையை அவ்வாறே காட்டுதல், திரையைப் படித்துப் படிவமாக்குதல், திரையைத் தவிர்த்துத் தரவை அணுகுதல். செர்ன் தொலைபேசித் தொகுப்பும் ஸ்பைர்ஸ் பட்டியலும் மூன்றாம் வழியே வலையின் தொடக்க வழி என்பதைக் காட்டுகின்றன. நூலகங்கள் மார்க் வடிவத்தின் துணையால் அவ்வழியை மேற்கொண்டன. எனினும் தரவு உருவான காலத்தின் எல்லைகளை எவ்வழியும் தானாக நீக்குவதில்லை என்பதற்குத் தமிழ்ப் பதிவுகள் சான்றாகின்றன.

ஆகவே, தமிழ்த் தொகுப்புகளைக் கொண்ட ஆய்வு நூலகங்கள் தம் பட்டியலின் தோற்றத்தைப் புதுப்பிக்கும் முன், அல்லது புதுப்பிக்கும்போதே, எழுத்துப்பெயர்ப்பில் மட்டும் உள்ள தமிழ்ப் பதிவுகள் எத்தனை எனக் கணக்கெடுத்தல் வேண்டும். அவற்றிற்கு இணையான தமிழ் எழுத்துப் புலங்களைக் கணினிப் பெயர்ப்பால் உருவாக்கித் தமிழறிந்தோரைக் கொண்டு சரிபார்த்தல் வேண்டும். மூல ரோமன் வடிவத்தை நீக்காது அருகே வைத்தல் வேண்டும். தமிழாய்வாளர்கள் தாம் கையாளும் நூல்களின் பதிவுகளில் காணும் பிழைகளை அந்தந்த நூலகத்திற்கு எழுதித் தெரிவிப்பதும் இப்பணியின் ஒரு பகுதியே. சிலப்பதிகாரம் என்று தமிழில் தட்டச்சிட்டுத் தேடும் மாணவருக்கு, 1960களில் கப்பலில் வந்து அலமாரியில் உறங்கும் பதிப்பும் கிடைக்கும் நாளிலேயே அந்நூற்பட்டியல் முனையத்தை விட்டு நீங்கியது எனக் கொள்ளலாம்.